முள்ளுமரத்துச் சிவப்புத் துணி

ஒரு ஊர்ல ஒரு செண்பகவல்லி இருந்தா. ஊர்னா நம்ம ஊர் இல்ல, அயர்லாந்து. இங்கிலாந்தான்னு கேக்காத, அங்க இருக்கறவங்க காதுல விழுந்தா கோவிச்சுக்குவாங்க. அவ புருஷன் பரிதி கார் ஓட்டறான், பின்சீட்டுல சின்னப் பொண்ணு நறுமுகை. மலையும் ஆடும் பாக்கணும்னு கிளம்பிட்டாங்க. ம் சொல்லு.

அப்போ வயல் நடுவுல ஒத்தை முள்ளுமரம். இலந்தை இல்ல, இலந்தை மாதிரி. கிளையெல்லாம் கலர் கலராத் துணி, காத்துல படபடன்னு அடிக்குது.

"ஏங்க, நிறுத்துங்க! இங்கயும் சாமி மரம் இருக்கு!"

ஓடிப்போய்க் கும்பிட்டா. கோயிலுக்குப் போனா கயிறு கட்டிக்காம வருவோமா? ஒரு சிவப்புத் துணியை அவுத்து, காப்பா இருக்கட்டும்னு குழந்தை கையில கட்டிட்டா.

கொஞ்ச தூரம் போனதும் நறுமுகை பேச்சை நிறுத்திட்டா. தொட்டா உடம்பு கொதிக்குது.

"ஆஸ்பத்திரிக்கு விடுங்க!"

அப்போ புஸ்ஸுன்னு மூடுபனி. போன்ல வழி சொல்ற அம்மாவும் கப்சிப். சர்ர்ர்னு போனா, முன்னாடி அதே மரம்.

"சுத்தி வந்துட்டீங்களா?"

"நேராத்தாண்டி ஓட்டினேன்!"

அப்புறம் வலப்பக்கம் திரும்பினான். மறுபடி அதே மரம். குழந்தை முனகுது, யாரோ கிழவி முனகற மாதிரி. அப்புறம் இடப்பக்கம். கிரீச்! மரம் இப்போ ரோட்டோரத்துலயே நிக்குது.

ம்? தூங்கிட்டியா? இல்லையே.

மரத்தடியில ஆடு ஓட்டிட்டு வந்த ஒரு கிழவர், கார் கண்ணாடி வழியா குழந்தை கையைப் பாத்தார். வெள்ளைக்காரர் முகம் இன்னும் வெளுத்துப்போச்சு.

"இதை எங்கம்மா எடுத்தீங்க?"

"மரத்துல. சாமி பிரசாதம்னு..."

"பிரசாதமா! சீக்காளிங்க நோயைத் துடைச்சு இங்க கட்டிட்டுப் போவாங்க. துணி மக்க மக்க நோய் போகும். அவுத்தா, வெச்சிருக்கறவங்களுக்கு வந்துடும்."

செண்பகவல்லி பாஞ்சு குழந்தை கையைப் புடிச்சா. முடிச்சு இழுக்க இழுக்க இறுகுது. பல்லால கடிச்சு அவுத்தா. மரத்துல கட்டப்போனா, முள்ளு சரக்குன்னு கையைக் கிழிக்குது. விடல, கட்டினா. அப்புறம் தன் துப்பட்டாவைக் கிழிச்சு, குழந்தை நெத்தியைத் துடைச்சு, அதையும் பக்கத்துல கட்டினா.

"திரும்பிப் பாக்காம போங்க"ன்னார் கிழவர்.

முதுகு குறுகுறுன்னுது. ஆனா ரெண்டு பேரும் பாக்கல. பனி விலகுச்சு, ரோடு தெரிஞ்சுது.

"அம்மா, பசிக்குது."

நறுமுகையோட குரலேதான். செண்பகவல்லி ஓன்னு அழுதுட்டா.

நீ ஏன் கையைப் போர்வைக்குள்ள இழுத்துக்கற? உன் கையில ஒண்ணும் இல்ல, அப்பவே பாத்துட்டேன். அவங்க வீடு போய்ச் சேந்தாச்சு, கதையும் தீந்தாச்சு, கண்ணை மூடு.