நாற்பது பட்டங்களும் கறுக்கும் கண்ணாடியும்

செந்தட்டிபுரத்து ராஜா கொண்டல்ராயருக்கு வெயில் ஆகாது. வெளியே தலைகாட்டினால் போதும், கண்ணில் நீர் கொட்டும். அக்கம்பக்கத்து அரசர்கள் அதைப் பார்த்துவிட்டு, ரொம்ப இளகிய மனசுக்காரர் என்று நம்பியிருந்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

அந்த வம்சத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் மேல்மாடத்தில் நின்று சூரியனைக் கும்பிட்டுவிட்டு, ராஜா அப்படியே இறங்கி வந்து சபையில் உட்கார வேண்டும். சபை மண்டபமோ சன்னல் இல்லாத கற்கட்டடம். பகலிலும் அறுபத்துநான்கு விளக்கு எரிந்தால்தான் முகம் தெரியும்.

மந்திரி வேங்கடத்தார் ஒரு கடல் வணிகனிடம் மூக்குக்கண்ணாடி ஒன்று வாங்கி வந்தார். வெயிலில் தானாகக் கறுக்கும். நிழலில் தானாகத் தெளியும். போட்டுப் பார்த்த ராஜா, இது தெய்வ அருள் பெற்ற பொருள் என்று சபையிலேயே சொல்லிவிட்டார். அதன்பிறகு அதில் குறை சொல்ல யாருக்குத் துணிச்சல் வரும்?

மறுநாளே வம்பு வந்தது. மேல்மாடத்திலிருந்து இறங்கி வந்த ராஜா, சிம்மாசனம் என்று நினைத்துத் தளபதியின் மடியில் உட்கார்ந்தார். தளபதியும் மரியாதைக்காக அசையாமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஆசனம் மூச்சு விடுவதை ராஜாவே கவனித்தார்.

மண்டபம் ஒரே இருட்டு என்று ராஜா கத்தியதும், வாசலில் நின்ற விளக்குக்காரி செங்கமலத்தை அந்த நொடியே கையைக் கட்டி இழுத்து வந்தார்கள். அறுபத்துநான்கையும் ஏற்றினேன், எண்ணியும் பார்த்தேன் என்று அவள் அழுதாள். எண்ணெயில் மிச்சம் பிடிக்கிறாள் என்றார் மந்திரி. அந்த வேலையைத் தன் சகலைக்கு வாங்கித்தர அவர் ரொம்ப நாளாகக் காத்திருந்தார். செங்கமலத்துக்கோ அரண்மனைச் சுவரை ஒட்டிய குடிசையை விட்டால் போக்கிடம் இல்லை.

ராஜா தீர்ப்புச் சொன்னார். "இந்த மண்டபத்தை இருட்டாக்கியது யாரானாலும், எதுவானாலும், பொழுது சாய்வதற்குள் எல்லையைத் தாண்ட வேண்டும்."

செந்தட்டிபுரத்தில் சொன்ன தீர்ப்பை மாற்றுவதில்லை. ராஜாவின் தாத்தா ஒருமுறை கோபத்தில் ஒரு பலாமரத்தையே நாடு கடத்திவிட்டார். அதை வேரோடு பெயர்த்து, எல்லைக்கு அப்பால் நட்டுவிட்டு வந்தார்கள்.

ராஜாவுக்குப் பேச்சுத்துணையாக அங்கமுத்து என்று ஒருவன் இருந்தான். அவன் எழுந்தான். இவ்வளவு பெரிய தீர்ப்பு நிறைவேறுவதற்கு முன் மகாராஜாவின் நாற்பது பட்டங்களையும் கட்டியக்காரன் முழங்க வேண்டாமா என்று கேட்டான். நேரமாகிறது என்று ராஜா அதை ஐந்து பட்டமாகக் குறைத்து வைத்திருந்தார். ஆனாலும் புகழைக் கேட்க மாட்டேன் என்று சொல்லும் ராஜா எந்த நாட்டில் இருக்கிறார்? சரி என்றார்.

கட்டியக்காரன் தொடங்கினான். பத்தாம் பட்டத்தில் ராஜாவுக்குத் தூண்கள் தெரிந்தன. இருபதில் மீசைகள் தெரிந்தன. நாற்பதில், மந்திரியின் காதில் முளைத்திருந்த முடிகூடத் தெரிந்தது.

"பார்த்தீர்களா? இப்போதுதான் ஏற்றியிருக்கிறாள்" என்றார் ராஜா.

"யாரும் ஒரு திரியைக்கூடத் தொடவில்லை மகாராஜா. அவள் கை கட்டுண்ட நிலையில் என் பக்கத்தில்தான் நிற்கிறாள்" என்றான் அங்கமுத்து.

ராஜா விளக்குகளைப் பார்த்தார். செங்கமலத்தின் கையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார்.

அங்கமுத்து விளக்கினான். அந்தக் கண்ணாடிக்குள் கண்ணுக்குத் தெரியாத பொடித் துகள்கள் இருக்கின்றன. சூரியனிடம் நம் கண்ணுக்குப் படாத ஒரு கதிர் உண்டு. அது பட்டதும் துகள்கள் உருமாறி வெளிச்சத்தை மறிக்கும். நிழலுக்கு வந்தால் பழைய உருவத்துக்குத் திரும்பும். "ஆனால் நம் அரண்மனைச் சேவகர்கள் மாதிரி, மகாராஜா. பந்திக்கு ஓடி வருவார்கள். இலையை விட்டு எழுந்திருக்கத்தான் நேரமாகும்."

அப்படியானால் நாடு கடத்த வேண்டியது கண்ணாடியைத்தானா என்று ராஜா கேட்டார். பலாமரத்தையே கடத்தியிருக்கிறோமே என்றான் அங்கமுத்து. கொண்டுவந்தவரே கொண்டுபோவதுதான் முறை என்றும் சேர்த்துச் சொன்னான்.

செங்கமலத்தின் கட்டை அவிழ்த்தார்கள். மந்திரி மூக்கில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கண்ணாடிச் சன்னல் வைத்த பல்லக்கில் எல்லைக்குப் போனார். தீர்ப்பில் தாண்டு என்றுதான் இருந்தது, திரும்பாதே என்று இல்லை. ஆகவே தாண்டிவிட்டு மாலையில் திரும்பினார். முகம் சுருங்கி, கண் சிவந்திருந்தது. வழி முழுக்கக் கண் கூசியதாம். சனியன் பிடித்த சாமான் பல்லக்குக்குள் கறுக்கவே இல்லையாம்.

கறுக்காது என்றான் அங்கமுத்து. அந்தக் கதிரைப் பல்லக்கின் தடித்த கண்ணாடியே தடுத்துவிடும்.

"சரி, வைத்துக்கொள்ளலாமா, எறிந்துவிடலாமா?" என்றார் ராஜா.

"தோட்டத்தில் நடக்க அருமையான பொருள். ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டும் தொல்லை இல்லை. பல்லக்கில் உதவாது, அதற்கு வேறு கறுப்புக் கண்ணாடி வேண்டும். சபைக்கு வரும்போது, நாற்பது பட்டம் முழங்கி முடியும்வரை வாசலில் நின்று வந்தால் போதும்."

"எல்லாக் காலத்துக்கும் நாற்பது போதுமா?"

"சித்திரைச் சூட்டில் அவ்வளவாகக் கறுக்காது. வேண்டிய நேரத்தில் அப்படி ஒரு பிணக்கு. மார்கழிக் குளிரில் நன்றாகக் கறுத்து, தெளிய இன்னும் நேரம் எடுக்கும். அறுபது பட்டமாவது வேண்டும்."

ராஜா யோசித்தார். இருக்கிற நாற்பதிலேயே முப்பத்தேழு இரவல். இன்னும் இருபதுக்கு எங்கே போவது? அந்த வேலையை அங்கமுத்துவிடமே கொடுத்தார். மேல்மாடத்துக்குக் கீழே ஒரு வீடும் கொடுத்தார்.

"முதல் பட்டத்தை இப்போதே சொல், கேட்போம்."

அங்கமுத்து கைகூப்பினான்.

"ஊரெல்லாம் தேடிய இருட்டைத் தன் மூக்கிலேயே கண்டுபிடித்த மூவுலகச் சக்கரவர்த்தி."

ராஜா சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் கொட்டியது. வெயில்தான் இல்லை.