சமமாய்த் தேய்ந்த பிரேக்

மஞ்சப்பாறை மலையில் ஒரு வீட்டில் ஒரு ஆளுக்கு உண்டான புத்தியை மூன்று அண்ணன் தம்பிகள் பங்கு போட்டுக்கொண்டார்கள். மூத்தவர் வையாபுரி, அடுத்தவன் பொன்னுரங்கம், கடைசி நல்லதம்பி. வையாபுரியின் மனைவி பவுனம்மாளுக்கு அதில் பங்கு வரவில்லை. கவலை மட்டும் மொத்தமாக அவளுக்கு.

அன்று மகள் சுகந்திக்கு அடிவாரத்து ஊரில் வளைகாப்பு. பதினொரு மணிக்குள் தாய்வீட்டு வளையல் போய்ச் சேர வேண்டும். ஏழு மணிக்குக் காரை எடுத்ததுமே பிரேக் கிரீச்சிட்டது.

பவுனம்மாள் காரை மறித்தாள். "என்னங்க, பதினாலு கொண்டை ஊசி வளைவு! பார்த்துட்டுக் கிளம்பலாம்."

சக்கரத்தைக் கழற்றினார்கள். உள்பக்கப் பிரேக் பேடு வெற்றிலையாய்த் தேய்ந்திருந்தது. வெளிப்பக்கத்தது அதிரசம் போலத் தடிமனாய் இருந்தது. வையாபுரி மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

"உள்ளே நகர்ற பின்னு துருப்பிடிச்சு இறுகியிருக்கும்ணே. துடைச்சு கிரீஸ் தடவுங்க. ரெண்டு பேடும் சமமாத் தேயணும், அவ்வளவுதான்."

துடைத்தார்கள், தடவினார்கள். அதோடு விட்டிருந்தால் வளையல் ஒன்பது மணிக்கே போயிருக்கும்.

"சமமாத் தேயணும்னாரே. இது இன்னும் தேயலையே!" என்றான் பொன்னுரங்கம், தடித்த பேடைத் தூக்கிக் காட்டி.

"கார் தேய்க்கட்டும்னு காத்திருந்தா, பேர் வைக்கிற நாளே வந்துடும்," என்றான் நல்லதம்பி. "நாமளே தேய்ப்போம்."

துணி துவைக்கிற கல்லில் தேய்த்தார்கள். பவுனம்மாள் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தாள்.

"ஐயோ தம்பி, இப்ப இது ஒரு நூல் கம்மி!"

மற்றதைத் தேய்த்தார்கள். அது இரண்டு நூல் குறைந்தது. இப்படியே மாறி மாறித் தேய்த்ததில் கடைசியில் இரண்டிலும் வெறும் இரும்புத் தகடுதான் மிச்சம். மயிரிழை வித்தியாசம் கிடையாது.

"மத்த மூணு சக்கரம் என்ன பாவம் செஞ்சுச்சு?" என்றார் வையாபுரி. நியாயமான கேள்வி. அவற்றின் பேடுகளையும் தேய்த்தார்கள்.

ஓட்டிப் பார்த்ததில் கார் நேரே குப்பைமேட்டில் ஏறி நின்றது.

"கிரீச் சத்தம் போயே போச்சு!" என்றார் வையாபுரி.

"நிக்க மாட்டேங்குதே!" என்றாள் பவுனம்மாள்.

"அதுக்குத்தான் கிணத்துக் கயிறு இருக்கே அண்ணி," என்றான் பொன்னுரங்கம்.

காரின் பின்னால் கயிற்றைக் கட்டினார்கள். உள்ளே ஏறினால் பிடிக்க ஆள் குறையுமே! யாரும் ஏறவில்லை. நல்லதம்பி ஜன்னலுக்குள் கைவிட்டு ஸ்டியரிங்கைத் திருப்பியபடி நடந்தான். மற்ற மூவரும் பின்னால் சாய்ந்து இழுத்துப் பிடித்தபடி இறங்கினார்கள். வளையல் பெட்டி மட்டும் முன்சீட்டில் சொகுசாகப் போனது.

வழியில் மூன்று பஸ்கள் கடந்தன. ஒரு கண்டக்டர் எட்டிப் பார்த்து, "ஏறிக்கிறீங்களாம்மா? இடம் இருக்கு," என்றார்.

"கை ரெண்டும் வேலையா இருக்கிறது தெரியலையா?" என்று சீறினாள் பவுனம்மாள்.

போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. பந்தி முடிந்து இலையும் எடுத்தாகிவிட்டது. சுகந்தி வெறுங்கையோடு மணையில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, பஸ்ல வந்திருந்தா பத்து மணிக்கே வந்திருக்கலாமே?"

பவுனம்மாள் கொப்புளம் போட்ட உள்ளங்கையை ஊதிக்கொண்டே சொன்னாள்: "நல்லாச் சொன்னடி! நாலு பேரும் பஸ்ல வந்துட்டா, காரை யாரு பிடிச்சுக்கிறது?"