தாகம் தீர்க்கும் மாநாடு

நாணல்காட்டில் இருந்தது ஒரே ஒரு குளம். அந்த வருடம் வெயில் கொளுத்தியது. ஓடைகள் வற்றின. ஊற்றுகள் தூர்ந்தன. யானை முதல் எறும்பு வரை எல்லா உயிர்களும் அந்தக் குளத்தை நம்பித்தான் இருந்தன.

அப்படிப்பட்ட நேரத்தில் காட்டின் தலைவரான பிடரிவேந்தன் என்ற சிங்கத்துக்கு மக்கள்மேல் திடீரென்று பாசம் பொங்கியது.

"ஐயோ, என் மக்கள் தாகத்தால் வாடுகிறார்களே! உடனே ஒரு மாநாடு கூட்டுங்கள்!" என்றது.

செயலாளராக இருந்த இச்சகன் என்ற நரி, வராத கண்ணீரைத் துடைத்துக்கொண்டது.

"'தாகம் தீர்க்கும் மாநாடு' என்று பெயர் வைக்கலாம், தலைவரே! குளத்திலேயே மேடை போடலாம்! பின்னால் தண்ணீர் பளபளவென்று தெரிந்தால் பார்க்க எவ்வளவு அழகாக இருக்கும்!"

பாதுகாப்புப் பொறுப்பு உருமன் என்ற செந்நாய்க்குக் கொடுக்கப்பட்டது. தலைவருக்கு யாரால் ஆபத்து வரக்கூடும் என்று உருமன் ஒரு பகல் முழுக்க யோசித்தது. யாரால் வேண்டுமானாலும் வரலாம் என்று சாயங்காலம் கண்டுபிடித்தது. அது முதல் அதற்கு நிம்மதி போயிற்று. மற்றவர்களுக்கும் போயிற்று.

மாநாட்டுக்கு இரண்டு நாள் முன்பே குளத்துக்குப் போகும் எல்லா வழிகளும் மூங்கில் தடுப்பு வைத்து அடைக்கப்பட்டன. தலைவர் வரும் பாதையில் குரங்குகள் மரம் ஏறக் கூடாது. பறவைகள் பறக்கக் கூடாது. அவசர வேலை இருந்தால் நடந்து போகலாம். குளத்துத் தவளைகள் வாயைத் திறக்கவே கூடாது.

ஈட்டிமுத்து என்ற முள்ளம்பன்றி தடுப்பருகே வந்தது. உருமன் அதை மேலும் கீழும் பார்த்தது.

"கூர்மையான பொருளையெல்லாம் இங்கே ஒப்படைச்சிட்டுப் போ!"

"முள்ளு உடம்புலயே முளைச்சிருக்குங்க!"

"அப்போ உடம்பையும் ஒப்படைச்சிட்டுப் போ!"

ஈட்டிமுத்து ஓரமாகப் போய் உட்கார்ந்தது.

அடுத்த நாள் காலையில் பூவரசி என்ற புள்ளிமான் தன் குட்டியோடு வந்தது. குட்டி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. முதல் நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாததால் பூவரசிக்குப் பால் சுரப்பு நின்றுவிட்டது. குட்டி முட்டி முட்டிப் பார்த்து ஓய்ந்து போயிருந்தது.

"ஐயா, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு உடனே திரும்பிடுறேன்."

"பாஸ் இருக்கா?" என்று கேட்டது உருமன்.

"தண்ணி குடிக்கப் பாஸா?"

"ஏம்மா, மாநாடே உன் தாகத்துக்காகத்தானே நடக்குது! அதுவரைக்கும் உன்னால தாகத்தைப் பொறுத்துக்க முடியாதா?"

பூவரசி ஓய்ந்து கிடந்த குட்டியைத் திரும்பிப் பார்த்தது.

"பாஸ் யார்கிட்ட வாங்கணும், ஐயா?"

"செயலாளர்கிட்ட."

"அவரு எங்க இருக்காரு?"

"உள்ளே."

"உள்ளே எப்படிப் போறது?"

"பாஸ் இருந்தா போகலாம்!"

பூவரசி கெஞ்சிப் பார்த்தது. கடைசியில் உருமன் மனம் இரங்கி, "மாற்றுப்பாதை இருக்கு. அம்புக்குறி போட்டிருக்கோம். அப்படியே போ" என்றது.

பூவரசி குட்டியை நக்கி நக்கி நடத்திக்கொண்டு அம்புக்குறிகளைப் பின்பற்றியது. முள்காட்டைத் தாண்டியது. கரட்டுக் குன்றைச் சுற்றியது. காய்ந்த ஓடையில் இறங்கி ஏறியது. உச்சி வெயிலில் கடைசி அம்புக்குறி முடிந்த இடத்தில் ஒரு தடுப்பு இருந்தது. அதன் பக்கத்தில் உருமன் நின்றிருந்தது.

"வந்துட்டியா? பாஸ் இருக்கா?" என்று கேட்டது.

பூவரசிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அழக்கூட உடம்பில் ஈரம் இல்லை. அங்கிருந்த வேப்பமர நிழலில் குட்டியோடு படுத்துவிட்டது.

அந்த நிழலில் ஏற்கெனவே பாதிக் காடு காத்துக் கிடந்தது. நடுவில் மருதாயி என்ற வயதான பெண் யானை நின்றிருந்தது. 'மிகப் பெரிய உருவம். நேரில் பார்த்தால் தலைவர் மனம் புண்படக்கூடும்' என்று காரணம் எழுதி அதை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"பெரியம்மா, நீங்க தும்பிக்கையால ஒரு தட்டு தட்டினா இந்தத் தடுப்பு நிக்குமா?" என்று கேட்டது பூவரசி.

"நிக்காது, கண்ணு. ஆனா நாளைக்கே யானைக் கலவரம்னு சொல்லி என்னைக் காட்டை விட்டுத் துரத்திருவாங்க. அறுபது வருஷமா இங்கேயே கிடந்துட்டேன். இந்த வயசுல எங்கே போவேன்?"

பூவரசி குட்டியின்மேல் வெயில் படாதபடி நகர்ந்து படுத்துக்கொண்டது.

மாநாட்டு நாள் விடிந்தது. தலைவர் வந்தார். முன்னால் இருபது செந்நாய்கள் ஓடின. பின்னால் இருபது செந்நாய்கள் ஓடின. புழுதி அடங்கியபோது தலைவர் போய்விட்டிருந்தார். அவரைப் பார்க்க வேண்டும் என்று கழுத்தை நீட்டியவர்கள் கண்ணில் மண்தான் விழுந்தது.

குளத்தில் தண்ணீர் உள்வாங்கிப் போயிருந்தது. வெடித்துக் கிடந்த சேற்றின்மேல் மேடை போட்டிருந்தார்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஆளை விழுங்கும் புதைசேறு என்பது தவளைகளுக்குத் தெரியும். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்பது உத்தரவு. சட்டத்தை மதிக்கும் தவளைகள் அவை.

பிடரிவேந்தன் மேடையேறியது. எதிரே வரிசை வரிசையாகச் செந்நாய்கள் நின்றிருந்தன. எல்லாம் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றன. வேறு ஒரு ஈ, காக்கை இல்லை.

"என் மக்கள் எங்கே?" என்று கேட்டது சிங்கம்.

"உற்சாகத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் வெளியே நிற்கிறார்கள், தலைவரே! கேளுங்கள் அந்த முழக்கத்தை!" என்றது இச்சகன்.

தடுப்புகளுக்கு அப்பாலிருந்து, "தண்ணி! தண்ணி!" என்று ஓலம் கேட்டது.

"வாழ்க என்றுதானே கத்துகிறார்கள்?"

"வேறு என்ன கத்தப் போகிறார்கள், தலைவரே!"

பிடரிவேந்தனுக்கு உடம்பு சிலிர்த்தது. "என் உயிரினும் மேலான மக்களே!" என்று கர்ஜித்துக்கொண்டு மேடையின் விளிம்புக்குத் தாவியது. மேடை 'சடசட'வென்று முறிந்தது. சேறு வெடித்துத் திறந்தது. அடுத்த நொடி தலைவர் இடுப்பு வரைக்கும் உள்ளே போயிருந்தார்.

செந்நாய்கள் ஓடிவந்தன. பத்து செந்நாய்கள் வாலைப் பிடித்து இழுத்தன. வால்தான் வலித்தது. சிங்கம் நெஞ்சு வரைக்கும் இறங்கியது.

"யானை! யானையைக் கூப்பிடுங்கள்!" என்று அலறியது.

இச்சகன் விழுந்தடித்துக்கொண்டு ஓடியது. தடுப்பைத் தாண்டி வெளியே குதித்தது.

"உருமா! தடுப்பைத் திற! மருதாயியை உள்ளே விடு! தலைவர் சேற்றில் மாட்டிக்கொண்டார்!"

உருமன் அசையவில்லை. "தலைவர் வெளியே கிளம்பும்வரை யாரையும் உள்ளே விடக் கூடாது. இது உத்தரவு."

"முட்டாளே! யானை உள்ளே வந்தால்தான் தலைவர் வெளியே கிளம்ப முடியும்!"

"அப்படின்னா தலைவர்கிட்டே எழுதி வாங்கிட்டு வாங்க."

இச்சகன் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி ஓடப் பார்த்தது. உருமன் குறுக்கே வந்து நின்றது.

"உங்க பாஸ் ஒருமுறை உள்ளே போறதுக்குத்தான். வெளியே வந்துட்டீங்க. தீர்ந்துபோச்சு!"

"அந்தப் பாஸைக் கொடுத்ததே நான்தானடா!"

"அப்போ விதியும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே!"

கூடியிருந்த விலங்குகளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பூவரசி சிரிக்கவில்லை. குட்டியின் தலை மண்ணில் சாய்ந்துகிடந்தது. அதன் கண் சொருகிக்கொண்டிருந்தது. பூவரசி தடுமாறி எழுந்தது.

"பெரியம்மா! தலைவர் எக்கேடு கெட்டும் போகட்டும். என் பிள்ளை சாகுது!"

மருதாயி குட்டியைப் பார்த்தது. தும்பிக்கையால் அதன் மூக்கருகே தடவியது. மூச்சு இழையாக வந்தது.

"அறுபது வருஷம் இருந்தது போதும். துரத்தினா துரத்தட்டும்!" என்றது.

அது கோபப்படவில்லை. பிளிறவில்லை. மூங்கில் தடுப்பை அப்படியே தூக்கி, பக்கத்தில் நின்றிருந்த உருமன் கையில் கொடுத்தது.

"இதைக் கொஞ்சம் பிடிச்சுக்கப்பா!"

உருமன் தடுப்புக்கு அடியில் காணாமல் போனது. பாதிக் காடு குளத்துக்குள் இறங்கியது.

மருதாயி கரையோரக் கெட்டித் தரையாகப் பார்த்து நடந்தது. குட்டியைத் தும்பிக்கையில் அணைத்துத் தூக்கி வந்தது. கழுத்து வரைக்கும் சேற்றில் இருந்த சிங்கம் அதைப் பார்த்தது.

"வந்துவிட்டாயா! சீக்கிரம் இழு!"

"இருங்க, தலைவரே. இது தாகம் தீர்க்கும் மாநாடுதானே? அது முதல்ல முடியட்டும்."

மருதாயி தண்ணீரை உறிஞ்சிக் குட்டியின்மேல் தூறலாகத் தெளித்தது. ஒரு முறை. இரண்டு முறை. மூன்றாம் முறை குட்டியின் காது துடித்தது. பிறகு கண் திறந்தது. பூவரசி அதன் பக்கத்திலேயே நின்று வயிறு முட்டக் குடித்தது. குடித்துக்கொண்டே அழுதது. இப்போது அதற்குக் கண்ணீர் வந்தது.

அதன்பிறகுதான் மருதாயி சிங்கத்தைப் பிடரியோடு சுற்றிப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துக் கரையில் போட்டது. அப்போது சேற்றில் தெரிந்தது மூக்கு மட்டும்தான்.

மறுநாள் விசாரணை நடந்தது. உடம்பெல்லாம் கட்டுப்போட்ட உருமனும், காலோய்ந்து போன இச்சகனும் சேர்ந்து அறிக்கை எழுதின. சேறு முன்னறிவிப்பின்றிச் செயல்பட்டது. தவளைகள் தகவல் தரவில்லை. யானை தாமதமாக வந்தது. ஆகவே யானைக்கு நோட்டீஸ் அனுப்பலாம், அடுத்த வருடம் தடுப்புகளை இரண்டு மடங்காக்கலாம் என்று இருந்தது.

பிடரிவேந்தன் மருதாயியை அழைத்து அறிக்கையைப் படித்துக் காட்டியது. "என்ன சொல்கிறாய்?" என்று கேட்டது.

"தாராளமா கட்டுங்க, தலைவரே! ஆனா சேறு உள்ளேதான் இருக்கும். நாங்க வெளியே இருப்போம். அதை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க."

சிங்கம் பிடரியில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டே இருந்தது. பிறகு அறிக்கையைக் கிழித்துப் போட்டது. அன்று மாலையே எல்லாத் தடுப்புகளும் பிடுங்கப்பட்டன. எந்தக் கூட்டம் நடந்தாலும் குளத்து வழி திறந்தே இருக்க வேண்டும் என்று அறிவிப்பு வந்தது.

மக்களைக் கண்டு பயந்து வேலி போட்டுக்கொள்ளும் தலைவன், கைகொடுக்க ஆள் தேவைப்படும் நாளில் அந்த வேலிக்குள் தனியாகத்தான் மாட்டிக்கொண்டு கிடப்பான்.