ஒச்சப்பன் டொராண்டோ போன கதை

எது விதைத்தாலும் விளையும், சந்தேகம் மட்டும் முளைக்கவே முளைக்காத மண் ஒத்தக்கிணத்துப்பட்டி. அங்கே ஒச்சப்பன் என்றொரு தாய்மாமன். டொராண்டோவில் இருக்கும் தங்கை பாண்டீஸ்வரியின் மகளுக்குக் காதுகுத்து. பிள்ளையை மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும்.

"திங்கக்கிழமை நீ இங்க இல்லேன்னா, என் நாத்தனார் புருஷன் மடியில உக்கார வச்சிருவாக அண்ணே" என்று தங்கை போனில் அழுதாள். அந்த அவமானத்தை நினைத்து ஒச்சப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று வேளையும் இறங்காமலேயே சாப்பிட்டான்.

டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் தெளிவாகச் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை காலையில விமானம். பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல. நடுவுல மாறி ஏறணும். கிளம்பினா ஒரு நாள்ல போய்ச் சேர்ந்துரலாம்."

ஊரின் மூளை என்ற பதவி பூவலிங்கத்துடையது. போட்டிக்கு யாரும் வரவில்லை. அவர் பஞ்சாங்கத்தைப் புரட்டி உதட்டைப் பிதுக்கினார்.

"ஞாயித்துக்கிழமை மேற்கே சூலம். ஆகாது."

"ஆகாசத்துல போறவனுக்குமா சூலம்?" என்றான் ஒச்சப்பனின் கூட்டாளி சுருளிவேல்.

"ஆகாசத்துல மேற்கு இல்லையாடா? ஒச்சப்பா, நீ பரஸ்தானம் வச்சிரு மாப்ளே."

அதாவது, நல்ல நேரத்தில் பெட்டியை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால், அப்போதே பயணம் புறப்பட்டதாகக் கணக்கு. வியாழக்கிழமை ஒச்சப்பன் பெட்டியோடு அடுத்த வீடான பூவலிங்கம் வீட்டுக்குப் போனான். வழியனுப்ப ஊரே திரண்டது. இரண்டு பேர் தேம்பி அழுதார்கள். பெட்டிக்குத் துணையாக அவனும் அங்கேயே தங்கிவிட்டான்.

வெள்ளிக்கிழமை மதியம் பூவலிங்கத்தின் சோற்றுக்கை அந்தரத்தில் நின்றது.

"மாப்ளே, நீ நேத்தே கிளம்பிட்டே. ஒரு நாள்தான்னு டிக்கெட்காரர் சொன்னாரு. ஒரு நாள் ஆச்சு."

"அப்படின்னா?"

"போய்ச் சேர்ந்துட்டே."

ஒச்சப்பனுக்கு லேசாக உறுத்தியது. "அங்க குளிரும்னாகளே மச்சான். வேர்க்குதே?"

"வந்த புதுசுல அப்படித்தான்" என்று சுருளிவேல் கம்பளியைப் போர்த்திவிட்டான்.

"அப்ப ஞாயித்துக்கிழமை விமானம்?"

"வந்து சேர்ந்தவன் மறுபடி ஏறினா, டொராண்டோவத் தாண்டி இன்னொரு பதிமூவாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போயிருவே. காதுகுத்து உன் பின்னாலயே ஓடி வருமா?" என்றார் பூவலிங்கம்.

நியாயமான பேச்சு. ஞாயிறு காலை விமானம், ஒச்சப்பன் இல்லாத வருத்தம் சிறிதுமின்றிப் பறந்தது.

சாயங்காலம் போன் வந்தது. "அண்ணே, மாறி ஏறுற ஊருக்கு வந்துட்டியா?"

"நான் முந்தாநாளே வந்து சேர்ந்துட்டேன் தாயி."

"எங்க? வாசல்ல ஆளக் காணோமே!"

"பூவலிங்கம் மச்சான் வீட்லதான். மடிய விரிச்சு உக்காந்திருக்கேன். ஆசாரியும் ஊசியோட வந்தாச்சு. உங்களத்தான் காணோம்."

"அய்யோ அண்ணே! நாளைக்கு முகூர்த்தம்! பிள்ள இங்கல்ல இருக்கு!"

மூவரும் தலையைக் கூட்டிப் பேசினார்கள். பிறகு ஒச்சப்பன் நிதானமாகச் சொன்னான்: "அழாத. பிள்ளையத் தூக்கிப் பக்கத்து வீட்ல உக்கார வையி. நாளைக்கு இங்க வந்து சேர்ந்துரும்."

அழுகை சட்டென்று நின்றது. என்ன இருந்தாலும் அவளும் ஒத்தக்கிணத்துப்பட்டியில் பிறந்தவள்தானே.

"வைக்கிறேன் அண்ணே. ஆனா அந்த வீட்டு வெள்ளைக்காரம்மாவும் கூடவே வந்துருமே! அதுக்குக் கொஞ்சம் காரமில்லாம ஆக்கச் சொல்லு."