அணைந்ததா என்று பார்க்கப் போனவர்

மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு மடம். அங்கிருந்த குரு வயதில் இளையவர். சீடர் வேதாசலம் நூற்பாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.

ஒரு நாள் வெயில் தாழ்ந்த நேரத்தில் வேதாசலம் வந்து வணங்கினார்.

"சாமி, ஒரு கேள்வி."

"ஆத்மாவைப் பத்தியா?"

"மீட்டரைப் பத்தி."

குரு நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப பதில் இருக்கும். கேளுங்க."

"வீட்டுல எல்லாத்தையும் மாத்திட்டேன் சாமி. மாடிக்கு வெள்ளைப் பூச்சு. மேற்கு வெயிலுக்கு மூங்கில் தட்டி. குண்டு பல்பு ஒண்ணுகூட இல்லை. ஆள் அசைஞ்சா எரியுற விளக்கு. அசைவு நின்னா தானா அணைஞ்சிடும். ஃபேனும் அப்படியே. இவ்வளவு செஞ்சும், போன ரீடிங்கைவிட இந்தத் தடவை கூட ஓடியிருக்கு. எங்கேயோ கசியுது. எங்கேன்னுதான் பிடிபடலை."

"வீட்டம்மா என்ன சொல்றாங்க?"

வேதாசலம் தரையைப் பார்த்தார்.

"நாளைக்குக் காலை பஸ்ல மக வீட்டுக்குக் கிளம்புறா. 'போயிட்டு வரேன்'னு சொல்லலை சாமி. 'போறேன்'னு சொல்றா."

குரு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாங்க. மீட்டரைப் பார்ப்போம்."

வீட்டுக்குள் கால் வைத்ததும் விளக்கு எரிந்தது. வேதாசலம் சற்று நிமிர்ந்துகொண்டார். முதலில் மாடிக்கு அழைத்துப் போனார். குரு வெறுங்காலோடு தளத்தில் நடந்து பார்த்தார்.

"நல்லா இருக்கு. கால் சுடலை."

"தட்டியைப் பாருங்க சாமி."

"அதுவும் நல்லா இருக்கு."

கீழே வந்தார்கள். சாமான் அறை, பூஜை அறை, பின்கட்டு என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். கூடத்துக்குத் திரும்பியதும் வேதாசலத்தின் காது விடைத்தது.

"ஒரு நிமிஷம் சாமி. சாமான் அறை அணைஞ்சுதான்னு பார்த்துட்டு வந்துடறேன்."

போனார். சாமான் அறையில் விளக்கு எரிந்தது.

"அணைஞ்சுதான் இருந்தது," என்றார் அங்கிருந்தபடியே. "நான் வந்ததாலதான் எரியுது."

"சரி."

"வந்ததுக்குப் பூஜை அறையையும் பார்த்துடறேன்."

பூஜை அறையிலும் எரிந்தது.

வேதாசலத்தின் மனைவி மரகதம் மோர் கொண்டுவந்து வைத்தாள். கூடத்து மூலையில் அவளுடைய பை தயாராக இருந்தது.

"பார்த்தீங்களா சாமி," என்றாள். "பகல்ல இப்படி. ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய்ப் பார்ப்பார்."

"தூக்கம் எப்படிம்மா?"

"அசந்து தூங்கினா ஃபேன் நின்னுடும். இப்ப தூக்கத்துலயே காலாட்டப் பழகிட்டேன். குளிக்கும்போது கண்ணுல சோப்பு, விளக்கு போயிடும். கையைத் தட்டித் தட்டித்தான் குளிக்கணும். பக்கத்து வீட்டுல, 'என்னக்கா, தினமும் பஜனையா?'ன்னு கேட்கிறா."

"சென்சாருக்கு நேரத்தைக் கூட்டி வைக்கலாம்," என்றார் பின்கட்டிலிருந்து வேதாசலம். "அப்புறம் மிச்சம் எப்படி வரும்?"

"ஃபிரிட்ஜைத் திறக்கும் முன்னாடி என்ன எடுக்கப் போறேன்னு இவர்கிட்டச் சொல்லணும் சாமி. மறந்து தக்காளிக்குப் பதிலா புளிக்குழம்பை எடுத்தா அதுக்கு ஒரு விசாரணை."

"புளிக்குழம்பை எதுக்கு ஃபிரிட்ஜ்ல வைக்கணும்?" என்று குரல் வந்தது.

மரகதம் குருவைப் பார்த்தாள். "நான் போறேன் சாமி."

குரு மோரைக் குடித்து முடித்தார். ஒரு நாற்காலியை எடுத்துப் போய் வாசல் பக்கம், மீட்டருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. ஓட்டம் கூடினால் அது வேகமாக மின்னும்.

"வேதாசலம், கூடத்துல உட்காருங்க. அம்மா, நீங்களும் பக்கத்துல."

"எவ்வளவு நேரம் சாமி?"

"கசிவு தெரியுற வரைக்கும்."

இருவரும் உட்கார்ந்தார்கள். வெளியே இருட்டிவிட்டது. சற்றுப் பொறுத்து வேதாசலம் மெல்ல எழுந்தார். பின்கட்டு ஞாபகம்.

"மீட்டர் வேகமாக் கண்ணடிக்குது," என்றார் குரு வாசலிலிருந்து.

வேதாசலம் வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மறுபடி குரல் வந்தது. அதன் பிறகு அவர் எழவில்லை.

பின்கட்டு அணைந்தது. சாமான் அறை அணைந்தது. கடைசியில் கூடத்து விளக்கும் போனது. ஃபேன் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது.

இருட்டில் இரண்டு பேர் அசையாமல் இருந்தார்கள்.

"மாடிக்குச் செவ்வாய்க்கிழமைதானே பூச்சு அடிச்சாங்க?" என்றாள் மரகதம், உதடு மட்டும் அசைய.

"ம்."

"கீழே சூடு குறைஞ்சிருக்கு. சொல்லணும்னு நினைச்சேன். நீங்கதான் உட்காரவே இல்லையே."

 வேதாசலத்தின் கன்னத்தில் ஒரு கொசு ரீங்காரமிட்டபடி வந்து உட்கார்ந்திருந்தது. கை தூக்கினால் விளக்கு எரியும். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

பளாரென்று ஒரு அறை விழுந்தது. விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது.

"கொசு," என்றாள் மரகதம்.

வேதாசலம் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"கொசுவுக்கு மட்டுமா?"

"பாதி."

அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. நிற்பதுபோல் நின்று மறுபடி வந்தது. வேதாசலத்துக்கும் தொற்றிக்கொண்டது.

"படுக்கை அறை ஃபேனுக்குப் பழைய சுவிட்சே போட்டுடுங்க," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சரி."

"குளிக்கிற இடத்துக்கும்."

வேதாசலம் யோசித்தார். "சரி."

"அப்ப நாளைக்கு மகளைப் பார்த்துட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டு மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள். வேதாசலம் அண்ணாந்து விளக்கைப் பார்த்தார். வாசல் பக்கம் குரல் கொடுத்தார்.

"சாமி, இவ சிரிப்பை நிறுத்தலை. விளக்கு அணையவே மாட்டேங்குது."

குரு நாற்காலியை மீட்டருக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார்.

"எரியட்டும். நேத்து வரைக்கும் அது காவல்காரருக்கு எரிஞ்சது. இன்னைக்குத்தான் வீட்டுக்காரருக்கு எரியுது."