இருபத்து மூன்றாவது பொருள்

கதையைக் கேட்டுவிட்டு என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். தீர்ப்பை முதலில் நீங்கள்தான் சொல்ல வேண்டும். நான் கடைசியில்தான் வாயைத் திறப்பேன்.

உறையூரில் வகுளாபரணன் என்றொரு அகராதிக்காரர் இருந்தார். ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பொருள் சொல்லும் அகராதி அவருடையது. நாற்பது வருடம் எழுத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் மங்கிவிட்டது. இனித் தம் நாற்காலியில் வேறொருவர் உட்காரட்டும் என்று முடிவு செய்து, மூன்று பேரை அழைத்து ஒரே ஒரு சொல்லைக் கொடுத்தார். 'செட்.'

சின்னச் சொல்தானே என்று நினைப்பீர்கள். ஓட்டலில் அது தோசை. வயலில் பம்பு. நகைக்கடையில் தோடும் ஆரமும். கல்யாண வீட்டில் நாதஸ்வரக்காரர்கள். தயிர் உறைந்தால் செட். பையனுக்கும் பெண்ணுக்கும் ஒத்துவராவிட்டால் செட் ஆகவில்லை. கூடப் படித்தவர்கள் 'எங்க செட்டு'. அகராதியைத் திறந்தாலோ தொகுதி, கணம், குழு, வரிசை என்று அண்ணன் தம்பிகளாக நிற்கும். யார் மூத்தவர் என்று கண்டுபிடிப்பதற்குள் நமக்குத் தலை சுற்றிவிடும்.

"ஒரு பொருளுக்கு ஓர் அட்டை. பின்பக்கம் சொன்னவர் பேர், ஊர், அவர் சொன்ன வாக்கியம். புத்தகத்துல எடுத்தது செல்லாது. காதால கேட்டதுதான் செல்லும்" என்றார் வகுளாபரணன். ஒரு மாதம் கெடு.

அவர் சொல்லாத ரகசியம் ஒன்று உண்டு. அகராதி போடுகிறவர்களில் சிலர், தங்கள் உழைப்பை யாராவது அப்படியே சுட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் நடுவில் ஒரு பொய்யை ஒளித்துவைப்பார்கள். அந்தப் பொய் இன்னொருவர் எழுத்தில் தலைகாட்டினால் திருட்டு பிடிபட்டுவிடும். வகுளாபரணன் முப்பது வருடத்துக்கு முன் தம் பொய்யை 'செட்' என்ற சொல்லின் கீழ், இருபத்து மூன்றாவது பொருளாக வைத்திருந்தார்: 'மழை வருமுன் உண்டாகும் புழுக்கம்.' இங்கிலாந்திலும் இல்லாத, இங்கேயும் இல்லாத பொருள். மின்விசிறி நின்றுபோன ஒரு மத்தியானம் அவராகக் கற்பித்தது.

கெடு முடிந்த அன்று மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து அட்டைகளை வாங்கினார்.

முதலில் சிங்காரவேலு, கல்லூரி நூலகர். நாற்பத்தோரு அட்டை. அதில் ஒன்று: 'மழை வருமுன் உண்டாகும் புழுக்கம்.' பின்பக்கம்: 'செட் உண்டாகிவிட்டது, மழை வரும். முருகையன், லால்குடி.' பெரியவர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

அடுத்து ஜமீலா. தையற்கடை வைத்திருப்பவர். பள்ளியில் பரிசாகக் கிடைத்த வகுளாபரணன் அகராதியைப் படித்தே வளர்ந்தவர். அதில் வேலை பார்ப்பது அவருக்குச் சின்ன வயதிலிருந்து இருந்த ஆசை. முப்பது அட்டை. கடைசி அட்டையில் இப்படி இருந்தது: 'புழுக்கம், மழை வரலாம், வராமலும் போகலாம்.' பின்பக்கம்: 'செட்டு கட்டுது, நெல்லை வாருங்கடி. ஊத்துனாலும் ஊத்தும், ஏமாத்துனாலும் ஏமாத்தும். அஞ்சலை, மண்ணச்சநல்லூர், அரிசி ஆலைக் களம்.'

பெரியவருக்கு இப்போது சிரிப்பு வரவில்லை.

"உன்கிட்ட இதை எதிர்பார்க்கலைம்மா. அப்படி ஒரு பொருளே கிடையாது. அது நானா எழுதி வச்ச பொய்."

ஜமீலாவின் முகம் சுண்டிப்போயிற்று. "காதால கேட்டேன் ஐயா. வேலை இல்லேன்னாலும் பரவாயில்லை. திருடின்னு சொல்லி அனுப்பாதீங்க."

மூன்றாமவர் பிலோமினா. பதினைந்து வருடமாக அதே அகராதிக்குப் பிழை திருத்துகிறவர். அவருடைய இருபத்தொன்பது அட்டைகளில் புழுக்கமே இல்லை. ஆனால் அவர்தான் வாயைத் திறந்தார்.

"அவங்க சொல்றது நிஜம் சார். அந்தக் களத்துல நானும் கேட்டேன். அங்க இருந்த மேஸ்திரி ஒருத்தர் உங்க அகராதியைப் படிச்சுப் படிச்சு இங்கிலீஷ் பேசுவாராம். அவர் போய்ச் சேர்ந்துட்டார். சொல்லு மட்டும் அங்கயே தங்கிருச்சு."

"அப்ப நீ ஏம்மா எழுதலை?"

"நீங்க வச்ச பொய்னு பிழை திருத்துறப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சே எப்படி சார் எழுதுறது?"

உடனே சிங்காரவேலுவும் நிமிர்ந்து உட்கார்ந்து, "நானும் கேட்டதுதான் ஐயா" என்றார்.

கண் மங்கியது போதாதென்று பெரியவருக்குப் புத்தியும் மங்கிற்று. பொய் என்று தள்ளலாம் என்றால், நெல் காயப்போடுகிற அஞ்சலை அதைச் சொல்லி, மற்றவர்கள் அதைப் புரிந்துகொண்டு நெல்லை வாரியும் விடுகிறார்கள். மெய் என்று வைத்துக்கொண்டால் திருடனை எதைக்கொண்டு பிடிப்பது? எழுதியவர் இருவர், எழுதாதவர் ஒருவர்; மூவரும் கேட்டதாகச் சொல்கிறார்கள். மூன்று அட்டைக்கட்டுகளையும் மாற்றி மாற்றி அடுக்கினார். ஒன்றும் பிடிபடவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். மூவரில் யார் செய்தது சரி? அந்த நாற்காலி யாருக்கு?

விடை: சிங்காரவேலுவை முதலில் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவர் அட்டையில் இருப்பது அகராதியின் வரி, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. 'செட் உண்டாகிவிட்டது' என்று லால்குடியில் யாரும் பேசுவதும் இல்லை. அச்சில் கட்டாயம் வருகிற மழை, ஜமீலாவின் அட்டையில் வராமலும் போகிறது. வாயில் புழங்கிய சொல்தான் அப்படி மாறும். பிலோமினா நேர்மையானவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பெரியவர் கேட்டது காதில் விழுந்ததை. பிலோமினா தமக்குத் தெரிந்ததை வைத்து அதைத் தள்ளிவிட்டார். நாற்காலி ஜமீலாவுக்கு. வகுளாபரணன் எழுந்து நின்று அவரிடம் மன்னிப்புக் கேட்டார். பழைய பொய் மெய்யாகிவிட்டதால், வேறு சொல்லில் புதிதாக ஒரு பொய் வைக்கும்படி அவருக்கு முதல் வேலை கொடுத்தார். மூன்று நாள் கழித்து ஜமீலா வெற்று அட்டையைக் கொண்டுவந்து நீட்டினார். "எதை எழுதினாலும் எங்கயாவது ஒருத்தர் அதை நம்பிருவாங்க ஐயா. எனக்குக் கை வரலை."