வெறுமை இழுத்த தண்ணீர்

முன்னொரு காலத்தில் கருங்கோட்டை நாட்டை வல்லாளகோபன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். ஆண்டான் என்பது மரியாதைக்கு. ஆட்டிப்படைத்தான் என்பதே சரி.

அவனுடைய ஆஸ்தான பண்டிதர் கனகசபேசர் ஒருநாள், காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த கண்ணாடிப் பேழை ஒன்றைச் சபைக்குக் கொண்டுவந்தார். உள்ளே மயிரிழை இடைவெளியில் இரண்டு வெள்ளித் தகடுகள் தொங்கின. யாரும் தொடாமலே அவை நெருங்கி ஒட்டிக்கொண்டன.

“அரசே, வெறுமை சும்மா இருப்பதில்லை; ஓயாமல் நடுங்குகிறது. அந்த நடுக்கம்தான் தகடுகளைச் சேர்த்தது. கிணறுதோறும் இதை மாட்டினால் நீர் தானே மேலே வரும். கவலை ஏற்றத்தில் நீர் இறைக்க மாடுகள் எதற்கு?”

“மாட்டுத் தோல் கேடயத்துக்கு ஆகும்!” என்று துள்ளினான் அரசன்.

சபை கைதட்டியது. ஓட்டை எங்கே என்று அமைச்சர் மருதனாருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் முந்தின வாரம் மறுத்துப் பேசியவர் இன்னும் கோட்டை வாசல் கழுமரத்தில்தான் இருந்தார். மருதனார் வாயைத் திறக்கவில்லை.

மாலைக்குள் நாற்பது மாடுகள் வெட்டுப்பட்டன. மறுநாள் காலை மிச்சம் எண்பதையும் வெட்ட ஓலை தயாரானது. அவையும் போனால் பயிர் போகும். பயிர் போனால் ஊரே சாகும். மருதனார் எழுந்தார்.

“அரசே, தகட்டில் ஒரு சிமிழ் நீரைக் கட்டி, பண்டிதர் பத்து முறை தூக்கிக் காட்டட்டும்.”

“பத்தென்ன, நூறு!” என்றார் கனகசபேசர்.

தகடுகள் சேர்ந்தன. சிமிழ் துளியூண்டு உயர்ந்தது. தகடுகளைப் பிரிக்கும் திருகாணியை நோக்கிப் பண்டிதர் கை நீட்டினார்.

“ஐயையோ, தொடாதீர்!” என்றார் மருதனார். “உழைப்பது வெறுமை அல்லவா? உமது கைக்கு ஏன் சிரமம்?”

“ஆமாம், தொடாதீர்,” என்றான் அரசன்.

உச்சிப்பொழுது வந்தது. சிமிழ் அசையவில்லை.

“என்ன ஓய், உமது வெறுமை தூங்குகிறதா?” என்றான் அரசன்.

“பிரித்துவிட்டால் மறுபடி இழுக்கும், அரசே.”

“பிரிப்பது யார்?”

பண்டிதர் தம் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். மருதனார்தான் பேசினார்: “வெறுமை இழுப்பது பொய்யல்ல, அரசே. ஆனால் சேரும்போது கொடுத்ததைப் பிரிக்கும்போது முழுசாகத் திரும்பக் கேட்கிறது. ஒரு சிமிழுக்கு மேல் வேண்டுமானால் யாராவது உழைத்தே ஆகவேண்டும்.”

அரசன் ஓலையைக் கிழித்தான். தன் பொற்காப்பைக் கழற்றி மருதனார் கையில் மாட்டினான். பிறகு யோசித்தான்.

“அந்த நாற்பது மாடுகள் இறைத்த நீரை இனி யார் இறைப்பது? யாராவது உழைக்கவேண்டும் என்றீரே. பண்டிதரை நுகத்தில் பூட்டுங்கள்!”

பூட்டினார்கள். நுகத்தின் மறுபக்கம் காலியாக இருந்தது. அரசன் சபையைப் பார்த்தான். சபை தரையைப் பார்த்தது.

“மருதனாரே, இது நேற்றே உமக்குத் தெரியுமோ?”

“தெரியும், அரசே.”

அரசன் நுகத்தின் காலிப் பக்கத்தைப் பார்த்தான். மருதனார் தாமே நடந்துபோய் நுகத்தில் கழுத்தைக் கொடுத்தார்.

“காப்பைக் கழற்றிவிடும்,” என்றான் அரசன், மெய்யான அக்கறையோடு. “கயிற்றில் சிக்கும்.”